மனநோய்க்கு மருந்து கொள்ளுதல் வினைக்கொள்கைக்கு மாறோ?

சென்ற திங்களில் சைவ அன்பர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவர் நாடோறும் சிவபூசை வழாது செய்பவர். சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவர். அவர்தம் மகளார் மகப்பெற்று ஏழு வாரம் ஆயின. குழந்தை நலமாக உளது. ஈன்ற தாயோ உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, காரணந் தோன்றாது அழுதுகொண்டும், 'யான் இக்குழந்தைக்குத் தாயாதற்குத் தகுதியில்லாதவள். இறைவன் என்னைக் கைவிட்டான்' என்று சொல்லிக்கொண்டும் இருக்கின்றாராம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம் என்று மருகர் கூற, வீட்டிலுள்ள முதியோர் சிலர், 'இது முன்வினை; நுகர்ந்தே கழித்தல் வேண்டும்; மனத்துக்கு மருந்தென்று ஒன்று உண்டோ? பதிகம் ஓதினாற் போதும்' என்று தடுத்தனராம். இவற்றுள் எது சித்தாந்தத்துக்கு இயைந்தது என்பது அன்பரின் வினா.

இதற்கு விடையெழுதும் தகுதி எமக்குச் சிறிதே, கடப்பாடோ பெரிது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

முதற்கண் நோயின் இயல்பைத் தெளிதல் வேண்டும். துயரம் வேறு, துயர்நோய் வேறு. உற்றாரை இழந்தார் அழுவர், பொருளிழந்தார் வாடுவர். அவ்வாட்டம் நாள் செல்லச்செல்ல ஆறும். இடையிடையே பழைய நினைவொன்று முறுவலையும் தோற்றுவிக்கும். நோயாயின் அங்ஙனமன்று. இரண்டு வாரமோ அதனின் மிக்கோ, நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் உள்ளம் இருண்டு கிடத்தல்; முன்னர் இன்பந் தந்தவை யாவும் சுவையற்றுப் போதல்; உறக்கமும் ஊணும் குறைதல் அல்லது மிகுதல்; எழுந்து முகங் கழுவுதற்கும் வலியின்மை; எண்ணம் ஒருவழிப்படாமை; செய்யாத குற்றத்துக்குத் தன்னையே நொந்துகொள்ளல்; சாவை விரும்பல். இவற்றுட் பல ஒருங்கு நிற்பின் அதனை மனச்சோர்வு நோய் என்பர் மருத்துவர். இதற்கு மறுதலையாய், உள்ளம் வரம்பின்றிப் பொங்கி, பல நாள் உறங்காதும் களைப்பறியாது, ஓயாது பேசி, பொருளை வாரியிறைத்து, தடுப்பாரைச் சினந்து நிற்கும் நிலையும் உண்டு. அதனைக் களிமிகை நோய் என்னலாம். இவ்விரண்டும் ஒருவர்பாலே மாறிமாறி வருதல் இருமுனை நோய் எனப்படும். இவை இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாதலைச் செருமானிய மருத்துவர் கிரேப்பலின் 1899-ஆம் ஆண்டில் தம் நூலில் விரித்துரைத்தார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி மனச்சோர்வு நோயுற்றார் உலகில் ஏறத்தாழ 28 கோடியர். இருமுனை நோயுற்றார் ஏறத்தாழ 4 கோடியர். இத்துணைப் பேரும் பத்தியிற் குறைந்தவர் என்று கூறத் துணிவார் யாவர்?

காரணம் யாதெனின், அஃது ஒன்றன்று. குடிவழியாக வரும் இயல்பு ஒன்று. ஒரே கருவினின்று பிறந்த இரட்டையருள் ஒருவர்க்கு இருமுனை நோய் உண்டாயின், மற்றவர்க்கும் அது வருதல், இரு கருவினின்று பிறந்த இரட்டையரிடத்தினும் மிகுதி. இளமையிற் பெற்றோரை இழத்தல், வறுமை, கொடுமைக்கு ஆட்படல், குடிப்பழக்கம், நெடுநாட் பிணி, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் குறைபாடு, மகப்பேற்றின்பின் உடலில் நிகழும் பெருமாற்றம் என்பனவும் காரணங்களாம். மூளையிலுள்ள ஏதோ ஒரு பொருளின் குறைவே இதற்குக் காரணம் என்று முன்னர் எளிதாகக் கூறப்பட்ட கொள்கை போதாதென்று பின்னர்த் தெளிந்தனர். யவன மருத்துவர் இதனைக் கரும்பித்தத்தின் மிகுதி என்றனர். நம்மவரும் பித்தத்தினின்றே பித்து என்னுஞ் சொல்லை ஆக்கிக்கொண்டனர். பித்தன் என்பது நம்பெருமான் உவந்து ஏற்ற பெயர்; அதனை நோயுற்றார்மேல் வசையாக எறிதல் சைவர்க்கு அழகன்று என்பதை இடையே சொல்லிவைக்கின்றோம்.

இனி மருந்தின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்வாம். ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் ஜான் கேட் என்பார் இரண்டாம் உலகப்போரிற் சிறைப்பட்டுச் சிங்கப்பூர்ச் சாங்கி முகாமில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர். விடுதலைக்குப்பின் மெல்போர்னை அடுத்த பண்டூராவிலுள்ள மருத்துவமனையில், பயன்படாது கிடந்த ஒரு சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, கினிப்பன்றிகளுக்கு லித்தியம் என்னும் உப்பைச் செலுத்திப் பார்த்தார். அவை சாந்தமாய்க் கிடந்தன. அவ்வுப்பைத் தாமே முதலில் உண்டு தீங்கின்மை கண்டபின், களிமிகை நோயுற்றார் பதின்மர்க்கு அளித்து, அவர் தெளிவுற்ற வரலாற்றை 1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளியிட்டார். லித்தியம் என்னும் பெயர் கல் என்னும் பொருளுடைய யவனச் சொல்லின் வழிவந்தது. 1817-ஆம் ஆண்டில் அது முதன்முதற் கண்டறியப்பட்டதும் ஒரு கல்லிலேயாம். அளவு மிகின் அது நஞ்சு. அதே 1949-இல் அமெரிக்காவிற் சோற்றுப்புக்கு மாற்றாக லித்தியம் உப்பை அளவின்றி உண்டோருட் சிலர் உயிர்நீத்தனர். ஆதலின் அதனைக் கொள்வார் தம் குருதியில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் காலந்தோறும் சோதித்தறிதல் இன்றியமையாதது. 1954-இல் டென்மார்க்கு நாட்டு மோகன்ஸ் ஷோ என்பார் முறைப்பட ஆய்ந்து அதன் பயனை உறுதிசெய்தார். இருமுனை நோய் மீளவும் வாராது காக்கும் மருந்துகளுள் இன்றும் அது தலையாயது.

நம் நாட்டு மூலிகையும் இதற்குச் சான்றாகும். சர்ப்பகந்தியை மனப்பிறழ்வுக்கும் குருதியழுத்தத்துக்கும் மருந்தாகக் கல்கத்தாவிற் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931-இல் எடுத்துரைத்தனர். அதன் சத்து 1952-இற் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியபின், அதனை உண்ட சிலர் காரணமின்றிச் சோர்வுற்றதை மருத்துவர் குறித்துவைத்தனர். அத்தொடர்பு எத்துணை வலியுடைத்து என்று பின்னர் ஐயுற்றாரும் உளர். 1952-இலேயே நியூயார்க்கில் ஈளைநோயாளர்க்கு அளிக்கப்பட்ட மருந்தொன்று அவர்தம் உள்ளத்தை எதிர்பாராது மலர்வித்தது. சுவிட்சர்லாந்தில் ரோலந்து கூன் என்பார் 1956-இல் இமிப்ரமின் என்னும் மருந்து சோர்வை நீக்குதல் கண்டு அடுத்த ஆண்டில் வெளியிட்டார்.

இவற்றாற் பெறப்படுவது யாது? கல்லினின்று எடுத்த உப்பும் வேரினின்று எடுத்த சத்தும் ஒருவன் உள்ளத்தைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வல்லனவாயின், அவ்வுள்ளமும் அவற்றைப்போலச் சடமே யாதல் வேண்டும். இதனைக் கேட்டு உலகம் வியக்கலாம். சித்தாந்தி வியத்தற்கு இடனில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியம், ஆன்மாவுக்குக் கருவி என்பது நம் நூல்களின் பாலபாடம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என நிறுவி, அரசன் அமைச்சரொடு கூடித் தொழிற்படுதலை அதற்கு உவமையாக வைத்தது. அவ்வுவமையைச் சிறிது நீட்டிப் பார்ப்பாம். அமைச்சன் பிணியுற்றுக் கிடந்து, 'நாடு அழிந்தது, களஞ்சியம் ஒழிந்தது, நின்னை விரும்புவார் ஒருவருமிலர்' என்று நாடோறும் பொய்ச்செய்தி கொணர்வானாயின், வேறு வாயிலில்லாத அரசன் அதனை மெய்யென்றே கொண்டு கலங்குவான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பன்றோ? கருநிறப் பொருளைச் சார்ந்த படிகம் கருநிறமாகவே தோன்றும். 'யான் தகுதியில்லாதவள்' என்று அன்பரின் மகளார் கூறுவது அமைச்சனின் பொய்யுரையே. அதற்காக அரசனைத் தண்டிப்பார் உளரோ? அமைச்சனுக்கு மருந்து கொடுத்தலே முறை.

அற்றேல், மருந்தால் உள்ளம் மாறுதலின் உயிரென வேறொன்று வேண்டா, உடலே எல்லாம் என்னும் உலகாயதன் கூற்றன்றோ வலியுறும் எனின், வலியுறாது. விளக்கின் கண்ணாடியிற் புகை படிந்தவழி அறை இருளும், துடைத்தவழி ஒளிரும். அதுகொண்டு சுடர் என ஒன்றில்லை, கண்ணாடியே ஒளி என்பார் யார்? மருந்து துடைப்பது கண்ணாடியை. மேலும், நோயுற்றார் பலர் தேறியபின், 'அக்காலத்து யான் அங்ஙனம் எண்ணினேன். அஃது என் இயல்பன்று' என்று தம் மனத்தின் பழைய நிலையைத் தாமே வேறாக நின்று கூறுகின்றனர். மனத்தை அறிவது மனமே யாயின் இக்கூற்று நிகழ்தற்கு இடமேது?

இனி, முதியோர் எழுப்பிய தடைக்கு வருவாம். பிராரத்தம் நுகர்ந்தன்றிக் கழியாது என்பது உண்மை. ஆதியான்மிகம் என்று கூறப்படும் துன்பத்துள் உடற்பிணியும் மனப்பிணியும் அடங்கும் என்பதும் உண்மை. ஆயின் பசியும் அத்தகையதே. அதற்கு முதியோர் உணவை மறுத்தாரில்லை. கால் முறிந்தால் கட்டுப்போடுவார், காய்ச்சலுக்குக் கஷாயம் கொள்வார், மனப்பிணி ஒன்றற்கே வினையை எடுத்துக்காட்டுதல் என்னை? நோய் வருதல் வினைப்பயனாயின் மருத்துவன் அண்மையில் இருத்தலும், மருந்து வாய்த்தலும், அழைத்துச்செல்ல ஒரு கணவன் முன்வருதலும் வினைப்பயனே. சித்தியார் இறைவன் வினையறுக்குமாற்றை விளக்குமிடத்து, சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயை இனியன ஊட்டியும் தீர்க்கும் மருத்துவனையே உவமையாக எடுத்தது. இறைவனுக்கு உவமையாகத் தக்கவனை வாயிலிலேயே தடுத்து நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

இதனினும் தெளிவான சான்று திருஞானசம்பந்தப் பிள்ளையார் வரலாற்றில் உண்டு. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் கூட்டம் குளிர்சுரத்தால் நலிந்தபோது அருளிய திருநீலகண்டப் பதிகத்தில், இத்துன்பம் இன்ன வினையால் வந்தது என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியை நாடாதிருத்தல் உங்களுக்குக் குறையன்றோ என்று அவ்வடியாரையே வினவுகின்றார். பதிகம் ஓதினாற் போதும், வேறு முயற்சி வேண்டா என்பார் அப்பதிகத்தின் முதற்பாட்டையே ஊன்றி நோக்குவாராக. கண்ணப்பர் வரலாறும் இதனையே காட்டும். பெருமான் கண்ணிற் குருதி கண்ட அவர் அதனை நிறுத்துதற்கு முதற்கண் நாடியது காட்டிலுள்ள மருந்தையே; பச்சிலை பிழிந்தும் நில்லாதபோதுதான் தம் கண்ணை இடந்து அப்பினார். அன்பின் எல்லையில் நின்றார்க்கும் மருந்து இழிவாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் நூல்வழி வந்தன. எம்முடைய கடப்பாட்டுக்குக் காரணமாகிய செய்தி ஒன்றுளது. பல்லாண்டுக்குமுன் எம் நண்பர் ஒருவர், பண்ணோடு தேவாரம் பாடுதலில் வல்லவர், சிறிது சிறிதாகப் பாடுதலை நிறுத்தினார். பின் கோயிலுக்கு வருதலை நிறுத்தினார். வாயில் திறந்து எம்மை நோக்குதலையும் நிறுத்தினார். உலகப்பற்று ஒழிந்து வைராக்கியம் தலைப்பட்டது போலும் என்று யாம் முதலில் மகிழ்ந்தோம். இருவினையொப்பு என்றும் எம்முட் பேசிக்கொண்டோம். பின்னர், பூசையும் கைவிட்டார் எனக் கேட்டு, அவர்க்கு வன்சொல்லால் ஒரு கடிதம் எழுதினோம். அக்கடிதத்தை அவர் தலையணையின்கீழ் வைத்து நாடோறும் எடுத்துப் படித்து, தாம் சிவத்துரோகி என்பதற்கு அதனையே சான்றாகக் கொண்டிருந்தார் என்பதை ஓராண்டு சென்றபின் அவர் மனைவியார் கூறக் கேட்டோம். தூக்கிட்டுக்கொள்ள முயன்று, தம்பியால் காக்கப்பட்ட பின்னரே அவர் மருத்துவரிடம் சென்றார். மருந்துண்ணத் தொடங்கி நான்காம் வாரத்தில் ஒரு நாட் காலை இட்டலியில் உப்புச் சுவை தெரிந்தது என்றார். அவர் மீண்டும் பாடியது பத்துத் திங்களின் பின்.

ஆதலின் வைராக்கியத்தையும் நோயையும் பிரித்தறிதல் அறிஞர்க்கும் வேண்டற்பாலது. பற்றற்றார்க்கு உலகத்தின்மேற் சுவை குறையும். ஆயின் இறைவன்மேலும் அடியார்மேலும் அன்பு பெருகும், உயிர்கள்பால் இரக்கம் மிகும், உறக்கம் அமைதியுடையதாகும். நோயுற்றார்க்கோ உலகச் சுவையோடு திருமுறைச் சுவையும் உடன் வறளும். தற்போதம் தேய்தற்கு மாறாகத் 'தான்' என்பதே, பழிக்கப்படும் பொருளாய், எந்நேரமும் முன்னிற்கும். அங்ஙனமே களிமிகை நோயை அருள்வெளிப்பாடு என்று மயங்குதலும் உண்டு. 'யானே சிவம்' என்று நள்ளிரவில் எழுந்து ஆடுபவன் ஐந்து நாளாய் உறங்காது, வீட்டை அடகுவைத்து அன்னதானத்துக்கு எழுதிக்கொடுத்து, மறுப்பாரை அடிக்க எழுவானாயின், அவன்முன் வீழ்ந்து வணங்குதலை விடுத்து அவன் மனைவி மக்களின் பொருளைக் காத்தலே நாம் செய்யத்தக்கது. இன்னும் ஒன்று: சோர்வை நீக்கும் மருந்தை இருமுனை நோயாளர்க்குத் தனித்து அளிப்பின் சிலர்க்குக் களிமிகை எழக்கூடும். ஆதலின் இவர் முன்னர் என்றேனும் வரம்பின்றிப் பொங்கியதுண்டா என்பதைச் சுற்றத்தார் மறையாது மருத்துவர்க்கு உரைத்தல் வேண்டும். கடையில் தாமே வாங்கி உண்ணல் ஆகாது.

சோர்வுக்குரிய மருந்துகள் பயன்காட்ட இரண்டு முதல் நான்கு வாரமோ அதனின் மிக்கோ ஆகும். தேறியபின்னும் ஆறு திங்களேனும் தொடர்தல் வேண்டும் என்பர். மருந்தோடு சொல்லும் மருந்தாகும். பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1960-களில் வகுத்த முறையில், நோயாளி தம்மைப்பற்றி எண்ணும் பொய்யெண்ணங்களை அவரைக்கொண்டே ஒவ்வொன்றாகச் சோதிப்பிப்பர். நோய் கடுமையல்லாதவழி அதுவே போதுவதும் உண்டு. மிகக் கொடிய நிலையில் மின்வழிச் சிகிச்சை, 1938-இல் உரோமையில் தொடங்கியது, இன்றும் பயன்படுகின்றது. மயக்கமருந்தின்றி அதனைச் செய்தலை நம் நாட்டு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விலக்கியுள்ளது. உளம் எழுந்தபின் செயல் எழும் என்று காத்திராது, சிறு செயலை முன்னர்த் தொடங்குக, உளம் பின்வரும் என்னும் முறையும் ஒன்றுண்டு. இதனைக் கேட்டபோது எமக்குச் சரியை நினைவுக்கு வந்தது. கடுஞ்சோர்வில் இருப்பாரைத் தனியறையிற் கண்மூடித் தியானஞ் செய்க என்றல் எம் கருத்திற் பிழை. அவர் காண்பது தம் பழியெண்ணங்களையே. சிறிது தேறியவரைத் துணைக்கு ஒருவரோடு நந்தவனத்துக்கு நீர் விடவும் பூத்தொடுக்கவும் அழைத்தல் நன்று. வாராராயின் வற்புறுத்தல் வேண்டா.

சாதலை விரும்புவதாகக் கூறுவாரை, 'அஃது அபசாரம்' என்று வாய்மூடச் செய்தல் பெருந்தீங்கு. அவ்வெண்ணம் உண்டோ என்று அன்போடு நேரே வினவலாம். வினவுதலால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது, சுமை குறைதலே கண்டது. அவரைத் தனித்து விடலாகாது. மேற்குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலைக்கு முயன்றாரைக் கடுந்துயரில் இருந்தவராகவே கொள்ளல் வேண்டும் என்று விதித்தது. தண்டனை பற்றிய அச்சத்தால் மறைத்தல் தேவையில்லை. 14416 என்னும் எண்ணில் அரசினரின் மனநலத் தொலைபேசி உதவியும் கிடைக்கும்.

அன்பர்க்கு எம் விடை இதுவாம். மகளாரை இவ்வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மகப்பெற்ற தாயர்க்கு இந்நோய் வருதல் அரிதன்று. பாலூட்டும் தாயர்க்கு ஏற்ற மருந்துகளும் உள. உறக்கமின்மையோடு நினைவு குழம்பி, இல்லாதவற்றைக் காண்பதாகவோ கேட்பதாகவோ கூறுவாராயின், அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்; அந்நிலையிற் குழந்தையைத் தாயிடம் தனித்து விடுதல் கூடாது. திருக்குறள் மருந்ததிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு அருகிருந்து பேணுவானையும் நான்காவதாகக் கூட்டிற்று. அந்நான்காமிடத்து நிற்பார் முதியோரே. இரவிற் குழந்தையைப் பாட்டியார் ஏந்திக்கொண்டு தாயை ஆறு மணியேனும் உறங்கவிடுக. பதிகம் ஓதுவதாயின் வீட்டார் அவர் செவிகேட்க மெல்ல ஓதுக. அவரை ஓதச் சொல்லற்க. புறப்படும்போது திருநீற்றை அவர் நெற்றியில் அன்னையாரே இட்டு, கைபிடித்து வண்டியில் ஏற்றுக.